எடுத்திருந்தால்

கடம்பன்குளத்தில் ஆனிச் சாரல் விழத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில், பால் வாங்கப் போனவர்களும் குளத்துக்குக் குளிக்கப் போனவர்களும் தெருவுக்குத் தெரு, முக்குக்கு முக்கு கதவில்லாத மர நிலைகள் நிற்பதைப் பார்த்தார்கள். நேற்று வரை வெறும் வெளியாக இருந்த இடங்களில், சுவரோ வீடோ இல்லாமல், இரண்டு கால்களும் மேலே ஒரு சட்டமும் கீழே ஒரு படியுமாக, வீடு கட்ட வந்தவன் நிலையை மட்டும் நட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான் என்பதுபோல அவை நின்றன. பஸ் ஸ்டாண்டில் பதினொன்று, தாலுகா ஆபீஸ் வாசலில் நாற்பதுக்கு மேல், பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நடக்க இடமில்லாத அளவுக்கு, பெண் பார்க்க வந்துபோன வீட்டு முற்றங்களில் ஒன்றோ இரண்டோ. இசக்கி ஆசாரியைக் கூப்பிட்டு வந்து காட்டினார்கள். அவர் விரல் முட்டியால் தட்டினார், முகர்ந்தார், நகத்தால் கீறினார்.

"தேக்கு இல்ல, வேம்பும் இல்ல. வேலை சுத்தமா இருக்கு. கீல் பதிக்க மரத்துல கொத்துக் குழிகூட விட்டிருக்கான். கீலைத்தான் காணோம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

தன் வீட்டுக் கதவைத் திறந்த வடிவுக்கு மட்டும் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் அவளுடைய வீட்டிலிருந்து தொடங்கி, உள்ளே அக்கா ஆவுடைத்தங்கத்தின் வீட்டு வாசலில் முடிகிற அந்த முடுக்கின் நடுவே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை அடைத்துக்கொண்டு ஒரு நிலை நின்றது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் உடலை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வந்தபோது, அதே இடத்தில், தண்ணீர்க் குழாய்க்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டுதான் அவள் அக்காவைப் பார்த்து, "நீ மட்டும் அன்னைக்கு போனை எடுத்திருந்தா..." என்று சொன்னாள், சொல்லி நிறுத்தினாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

நிறுத்தியதில் அதிசயம் இல்லை. கடம்பன்குளத்தில் அந்த மாதிரிப் பேச்சுக்குப் பின்பாதி கிடையாது. "இந்த வருசம் மழை பெய்யலேன்னா..." என்பார்கள், நிறுத்துவார்கள். "அவன் மட்டும் வராமப் போயிட்டா..." என்பார்கள், வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வெற்றிலை எடுப்பார்கள். மேலே 'அப்படியே ஆகட்டும், அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிக்கொண்டே போகிற தேவதைகள் எந்நேரமும் போகுமாம். பின்பாதி அவற்றின் காதில் விழுந்தால் பலித்துவிடுமாம். 'பெய்தால்', 'போனால்' என்று ஏட்டில் எழுதினால் கடைசி 'ஆல்'லில் உதடு மூடாவிட்டாலும் நாக்காவது மேலே தொட்டு முடிகிறது, பேச்சில் அதுவும் இல்லாமல் வெறும் 'ஆ'தான். ஆகவே அந்த ஊரில் பிறந்தவர்கள் நினைவு தெரிந்த நாளிலிருந்து வாயைத் திறந்தபடியே வாக்கியத்தை விட்டுவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அப்படி விட்டவையெல்லாம் இப்போது விட்ட இடத்திலேயே நிலைகளாக எழுந்து நின்றன.

நிலைக்குள் நுழைந்தவர்கள் நுழைந்த பக்கமாகவே வெளியே வந்தார்கள். தபால்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார்: கீழரத வீதி நிலைக்குள் கால் வைத்தார், அடுத்த காலை வைக்கும்போது கிளம்பிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பந்தை எறிந்தால் எறிந்தவன் கைக்கே திரும்பியது. ஆடு நுழைந்தால் அதே ஆடு, கொஞ்சம் யோசனையோடு வந்தது. முதல் வாரம் கலெக்டருக்கு மனுக் கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் நகராட்சி ஆட்கள் வந்து மஞ்சள் பெயின்டில் நம்பர் போட்டார்கள். மூன்றாம் வாரம் அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள், பூப்புனித நீராட்டு விழா பேனர் கட்டினார்கள், ஆடு கட்டினார்கள், விலாசம் சொல்லும்போது "நூத்திப் பதினாலாம் நிலைக்குத் தெக்க" என்றார்கள். ஆடி பிறப்பதற்குள், நிலைகள் இல்லாத ஊர்களில் ஜனங்கள் துணியை எங்கே காயப்போடுவார்கள் என்று குழந்தைகள் கேட்கத் தொடங்கிவிட்டன.

வடிவுக்கு மட்டும் பழகவில்லை. அக்கா முடுக்கு வழியாக வருவதை நிறுத்தி, தன் வீட்டை ஒட்டிய வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிப் போனாள். பேசாமல் இருந்த பதினோரு வருஷமும் வடிவு தினம் இரண்டு தடவை அக்காவின் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது, அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அதோடு இன்னொரு செய்தியும் அவளுடைய ஜெராக்ஸ் கடைக்கு வந்து சேர்ந்தது. அக்காவின் பாஸ்போர்ட்டைக் காப்பி எடுக்க வந்த டிராவல்ஸ்காரன் சொன்னான்.

"பெரியம்மா ஆவணி எட்டாந்தேதி ஆஸ்திரேலியா போறாங்க. மகன்கிட்ட. இனிமே அங்கனதானாம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் வடிவு. காப்பி கறுப்பாக விழுந்தது. இன்னொன்று எடுத்தாள்.

நிலைகளை என்ன செய்வது என்பது சைக்கிள் கடைக் கொம்பையாவால் தெரிந்தது. அவர் நாலு இங்கிலீஷ் வார்த்தை கலந்து பேசுகிறவர். ஒருநாள் காலையில் பெண்டாட்டி பேச்சிக்கனியிடம் கோபித்துக்கொண்டு, "இஃப் உங்கப்பன் அன்னைக்கு சரின்னு சொல்லாம இருந்தா..." என்று வழக்கம்போல நிறுத்தினார். இங்கிலீஷ் 'இஃப்'க்கு ஒன்று, தமிழ் 'இருந்தா'வுக்கு ஒன்று என்று முன்னால் ஒரு நிலையும் பின்னால் ஒரு நிலையும் எழுந்து, கடைச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே மனிதர் மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் நுழைந்தாலும் நடுவில்தான் வந்தார், அந்தப் பக்கம் நுழைந்தாலும் நடுவில்தான் வந்தார். ஊர் கூடிவிட்டது. பேச்சிக்கனி கையைக் கட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

"முடிங்க. எங்கப்பன் சரின்னு சொல்லாம இருந்தா? ஊரே கேக்கட்டும்."

"நான் நிம்மதியா இருந்திருப்பேன்!"

கொம்பையா பாய்ந்தார். நடுவிலேயே வந்து நின்றார்.

"ராசா மாதிரி இருந்திருப்பேன்!"

அதற்கும் அசையவில்லை. வெயில் ஏறியது. சோற்றுப் பொட்டலத்தைக் கம்பில் கட்டி நிலைக்கு மேலாக நீட்டிப் பார்த்தார்கள், அது நீட்டியவன் கைக்கே வந்தது. கூட்டம் கலைந்து, பேச்சிக்கனி மட்டும் நின்றிருந்த பிற்பகலில், கொம்பையா தரையைப் பார்த்துக்கொண்டு, "லாரி கிளீனராப் போயி எங்கிட்டாவது குடிச்சுச் செத்திருப்பேன்" என்று சொன்னார். சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"சோறு ஆறிப்போச்சு, வாங்க" என்றாள் பேச்சிக்கனி.

அப்படித்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது: சொன்னவர்தான் முடிக்க வேண்டும், யாரைப் பார்த்துச் சொன்னாரோ அவர் மறுபக்கம் நிற்க வேண்டும், பொய்யாக முடித்தால் நிலை விடாது. துபாயில் இருக்கிற மகனுக்குப் போனில் முடித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் செத்துப்போன நிலைகள் அசையவே இல்லை. அவற்றில் அவரைக்கொடியும் பாகற்கொடியும் படரவிட்டார்கள், காய்த்ததை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்கள். ஆனால் உயிரோடு இருக்கிறவர்களிடம் முடிக்க வாய் வரவில்லை. வானத்தில் தேவதைகள் போய்க்கொண்டிருந்தன அல்லவா. அப்போதுதான் யாரோ, பேச்சிக்கனியாகத்தான் இருக்க வேண்டும், கேட்டாள்: "அந்தத் தேவதைகளுக்கு இங்கிலீசு தெரியுமா?"

தெரியாது என்று ஊர் முடிவு செய்தது. கூட்டுறவுச் சங்க மாடியில், பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்த, இருபத்தாறு வயது பியூலா டீச்சரிடம் அதுவரை ஏழு பேர் படித்தார்கள். ஒரே வாரத்தில் நூற்று இருபது பேர் சேர்ந்தார்கள். மற்றப் பாடமெல்லாம் வேண்டாம், 'இஃப்' மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றார்கள்.

ஏர்போர்ட்டில் தனியாகப் பதில் சொல்ல வேண்டுமே என்று முன்பே சேர்ந்திருந்த ஆவுடை முன்பெஞ்சில் இருந்தாள். வடிவு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மூணு வகை" என்றாள் பியூலா டீச்சர். "முதல் வகை, நடக்கலாம். மழை பெய்தால் நனைவேன், அது மாதிரி. ரெண்டாவது, நடக்காது, ஆனா சும்மா சொல்லிப் பாக்கிறோம்."

"ஒரு பேச்சுக்கு" என்றார் இசக்கி ஆசாரி.

"கரெக்ட். ஒரு பேச்சுக்கு. இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை. நான் ஒரு பறவையா இருந்தா பறப்பேன்."

பேச்சிக்கனி எழுந்தாள். "டீச்சர், 'ஐ'ன்னா நான் ஒருத்திதான? போன வாரம் 'வாஸ்'னு சொன்னீங்க. இப்ப எதுக்கு 'வேர்'?"

"இல்லாத ஒண்ணைச் சொல்லும்போது 'வேர்' போடணும்க்கா. பன்மைக்குப் போடற மாதிரி."

"பன்மைன்னா மரியாதைல்லா" என்றார் ஆசாரி. கொஞ்சம் யோசித்தார். "சரிதான். நடக்காத காரியத்துலதான் நமக்கெல்லாம் மரியாதை."

மாடி அதிரச் சிரித்தார்கள். வடிவு சிரிக்கவில்லை, முன்பெஞ்சில் அக்காவின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த குலுக்கல் அது.

மூன்றாவது வகை, நடந்து முடிந்ததைப் பற்றியது. மாற்ற முடியாததைப் பற்றியது. அதைச் சொல்லிக்கொடுத்த நாளில் எல்லோரும் நோட்டில் குனிந்து எழுதினார்கள். வடிவுதான் திரும்பத் திரும்பத் தப்புச் செய்தாள், எங்கே 'இஃப்' வந்தாலும் பக்கத்திலேயே ஒரு 'வில்' வைத்தாள். "அக்கா, இஃப் இருக்கிற வீட்டுக்குள்ள வில் வராது. அது அடுத்த வீட்டுல இருக்கும்" என்று டீச்சர் சிவப்பில் அடித்துக் கொடுத்தாள். முன்பாதி முடிந்ததும் கமா போட வேண்டும் என்றாள்.

"அப்ப கமாங்கது கீலு" என்றார் ஆசாரி. "அதுலதான் மறுபாதி தொங்குது."

"அப்படியே வெச்சுக்கலாம். ஆனா பின்பாதியை முதல்ல சொல்லிட்டா கமா தேவையில்ல. இங்கிலீஷ்ல எதை வேணும்னாலும் முன்னால சொல்லலாம்."

"தமிழ்ல முடியாதோ?"

"முடியும். இந்த ஊர்ல நான் கேட்டதில்ல."

வடிவு வீட்டில் உட்கார்ந்து தன் வாக்கியத்தை எழுதினாள். 'இஃப் யூ ஹேட் டேக்கன் த போன், ஃபாதர் வுட் ஹேவ் லிவ்ட்.' நீ போனை எடுத்திருந்தால், அப்பா பிழைத்திருப்பார். இருபது தடவை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினாள். டீச்சர் பெரிதாக டிக் போட்டாள். வியாழக்கிழமை மாலை, அக்கா வாய்க்கால் வழியாக வந்து பூட்டைத் திறக்கிற நேரம் பார்த்து, வடிவு நிலைக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள்.

"நில்லுங்க" என்றாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அக்காவிடம் பேசிய முதல் சொல். 'நீ' என்று கூப்பிட்டு வளர்ந்தவளுக்கு மரியாதைதான் வந்தது.

ஆவுடை சாவியோடு திரும்பினாள். வடிவு தப்பில்லாமல் முழு வாக்கியத்தையும் சொன்னாள். கமாவில் நிறுத்திக்கூடச் சொன்னாள். அக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ரொம்ப நாள் முன்பே கேட்டுவிட்ட ஒன்றைக் கேட்கிற முகமாக இருந்தது. வடிவு நிலைக்குள் கால் வைத்தாள். அடுத்த காலை வைத்தபோது தன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இலக்கணம் சரியா இருக்கு" என்றாள் ஆவுடை பின்னாலிருந்து. "டீச்சர் டிக் போட்டிருப்பா." கதவு சாத்திக்கொண்டது.

வடிவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பயம் வந்தது. அது பொய் என்றால் பதினோரு வருஷம் எதை வைத்துக்கொண்டிருந்தாள்? அப்போது அவளுக்கு, அப்பா இறந்த அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தாலும் இதுதாம்மா ஆகியிருக்கும்" என்றார். முன்பாதியும் பின்பாதியுமாக அவர் முழுசாகத்தான் சொன்னார். அவள்தான் முன்பாதியோடு கேட்பதை நிறுத்தியிருந்தாள். அப்பா பிழைத்திருக்க மாட்டார். அது அவளுக்கு அன்றைக்கே தெரியும். அப்படியானால் அன்றைக்கு அந்த முடுக்கில் தான் விழுங்கியது என்ன? நோட்டில் முன்பாதியை எழுதி, கமா போட்டு, மீதிக் கோட்டை வெறுமையாக விட்டுக்கொண்டே போனாள். நோட்டு தீர்ந்தது.

ஆவணி எட்டாம் தேதி காலையில் ஊர் பாதி தேறியிருந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர் கிளார்க்கைப் பார்த்து இங்கிலீஷில் முடித்துக்கொண்டிருந்தார், கிளார்க் அழுதுகொண்டிருந்தார். விடியும்போதே வாய்க்காலில் மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். கரைப் பாதை இடுப்பளவுத் தண்ணீரில் முழுகிவிட்டது. ஏர்போர்ட் வண்டி தெருவில், வடிவு வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஆவுடை இரண்டு பெரிய பெட்டிகளோடு முடுக்கில் வந்து நிலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். பச்சைப் பட்டுச் சேலை, அதற்கு மேல் மகன் அனுப்பிய ஸ்வெட்டர், காலில் புது ஷூ.

"டிரைவரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் தண்ணிக்குள்ள தலையில தூக்கச் சொல்லணும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

வடிவு இந்தப் பக்கம் நின்றாள். தான் பேசாமல் நின்றால் அக்காவுக்கு இந்த வழி இல்லை என்று ஒரு கணம் தோன்றியது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. ஹாரன் மறுபடி அடித்தது.

வாயைத் திறந்தாள். முன்பாதியைத் தொட்டால் பழையபடி அங்கேயே நின்றுவிடும், மனப்பாடம் செய்த பின்பாதி இல்லாமல் அதற்கப்புறம் நாக்கு நகராது. ஐம்பத்து மூன்று வருஷப் பழக்கம். ஆகவே அவள் பின்னாலிருந்து தொடங்கினாள், என்ன வரப்போகிறது என்று தெரியாமலே தொடங்கினாள்.

"ஐ வுட் நாட் ஹேவ்..." என்றாள். நான் இருந்திருக்க மாட்டேன், செய்திருக்க மாட்டேன், எது மாட்டேன்? அப்பா நடு அறையில் விழுந்து கிடக்க, அவர் வாயிலிருந்து வழிவதை முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஒரு கையில் போனை வைத்து, அது அடித்து அடித்து நிற்பதைக் கேட்டுக்கொண்டிருந்த மத்தியானம் அவள் வாய்க்கு வந்து சேர்ந்தது. "...பீன் அலோன்" என்றாள். "ஐ வுட் நாட் ஹேவ் பீன் அலோன் இஃப் யூ ஹேட் டேக்கன் த போன்."

ஆவுடைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் உதடுகள் ஒவ்வொரு சொல்லாக அசைந்து மொழிபெயர்த்துக்கொண்டன.

"தனியாவா?" என்றாள். "ஏட்டி, அதையா சொல்ல வந்த?"

"தனியா இருந்திருக்க மாட்டேம்லாக்கா" என்றாள் வடிவு. தமிழில் சொன்னாள். வானத்தை நிமிர்ந்து பார்க்க மறந்துவிட்டாள்.

கால் வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். அக்காவின் ஸ்வெட்டர் மூக்கில் இடித்தது. அந்துருண்டை வாசனை அடித்தது.

"நான் போனைக் கையிலதான் வெச்சிருந்தேன்" என்றாள் ஆவுடை, தங்கையின் தலைக்கு மேலாக. "சங்கரன்கோவில்ல கல்யாணப் பந்தி. உன் பேரு வந்து வந்து நின்னுச்சு. முந்தின நாள் நாம போட்ட சண்டையோட மிச்சத்தைச் சொல்லக் கூப்பிடுதியோன்னு நெனச்சேன். அதுல இருந்து மறுபாதியை நானேதான் சொல்லிக்கிட்டிருந்தேன், தினம். அப்பா பிழைச்சிருப்பாரு, அப்பா பிழைச்சிருப்பாருன்னு. இப்படி ஒண்ணு இருக்கும்னு தோணவே இல்ல."

"எனக்கும்தான் தோணல."

"எம்மா, பிளேன் நிக்காது!" என்று தெருவிலிருந்து டிரைவர் கத்தினான்.

வடிவு ஒரு பெட்டி, ஆவுடை ஒரு பெட்டி. நிலையின் படியில் சக்கரம் தட்டியதே தவிர, பெட்டிகள் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம், எல்லா ஊரிலும் வருவதுபோல வந்தன. வண்டியில் ஏறி உட்கார்ந்த ஆவுடை கண்ணாடியை இறக்கினாள்.

"இஃப் யூ வில் கால்..." என்று தொடங்கினாள்.

"வில் அங்க வராதுக்கா. அது அடுத்த வீட்டுல."

"ஆமா, நீதான் பெரிய டீச்சர். சரிட்டி. இஃப் யூ கால், ஐ வில் டேக்." விரலை மடக்கி ஒருமுறை சரிபார்த்தாள். "நீ கூப்பிட்டா எடுப்பேன். முதல் வகை."

வண்டி கீழரத வீதி தாண்டி, பாகல் படர்ந்த நிலைகளைத் தாண்டி, குளத்தங்கரை வளைவில் மறைந்தது. வடிவு முடுக்குக்குள் திரும்பி வந்தாள். நிலை அங்கேயேதான் இருந்தது, கீல் கொத்து இரண்டும் காலியாக. அதன் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, படியில் ஒரு பாதத்தை வைத்துக்கொண்டு, போனை எடுத்து, பதினோரு வருஷமாக அழிக்காமல் வைத்திருந்த நம்பரை அழுத்தினாள்.

ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை.

"என்னட்டி? எதையும் விட்டுட்டு வந்துட்டனா?"

"ஒண்ணும் இல்லக்கா. எடுக்கியான்னு பாத்தேன்."

அந்தப் பக்கம் வண்டி இரைச்சலுக்கு நடுவே ஒன்றும் கேட்கவில்லை. தோள் குலுங்குகிறது என்று வடிவுக்குத் தெரிந்தது.

"எடுத்துட்டேம்லா" என்றாள் ஆவுடை.